தண்ணிக்குள்ள சுத்துற சக்கரம்: வாசகர் கேள்வி பதில்

குளம், கண்மாய், ஏரி பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். மீனும் பறவையும்தான் நிறைய வரும்னு நெனச்சேன், ஆனா கண்ணுக்கே சரியா தெரியாத உயிருங்களைப் பத்திதான் பாதிக்கு மேல வந்திருக்கு. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, அதனால இந்த தடவை முழுசும் அதுங்களுக்கே.

சிவகங்கை மாவட்டத்துல இருந்து ஒரு பள்ளி ஆசிரியை: ஐப்பசியில எங்க கண்மாய்க்கு தண்ணி வந்து ஒரு வாரம் கழிச்சு பிள்ளைங்களோட போய் ஒரு பாட்டில்ல தண்ணி எடுத்து ஸ்கூல் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தோம். தலையில ரெண்டு சக்கரம் வச்சு சுத்துற மாதிரி ஒரு பூச்சி! பிள்ளைங்க "மிஸ், மிக்ஸி ஓடுது"ன்னு கத்துறாங்க. வைகாசியில அந்த கண்மாய் பாளம் பாளமா வெடிச்சு கிடந்துச்சு, ஆடு மாடு மேஞ்சுது. ஒரே வாரத்துல இது எங்கிருந்து வந்துச்சு?

நீங்க பார்த்தது ரோட்டிபர். தமிழ்ல சக்கர உயிரின்னு எழுதுறாங்க, ஆனா அங்க சக்கரமே கிடையாது. தலையைச் சுத்தி பொடிப்பொடியா முடி இருக்கு, அது எல்லாம் ஒரே நேரத்துல ஆடாம ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரிசையா ஆடுது. நெல்லு வயல்ல காத்து அடிச்சா ஒரு அலை ஓடுற மாதிரி தெரியும்ல, ஆனா எந்தப் பயிரும் இடத்தை விட்டு நகராது, அதே கதைதான் வட்டமா நடக்குது, நம்ம கண்ணு அதை சக்கரம்னு எடுத்துக்குது. அந்த ஆட்டத்துல உண்டாகுற நீர்ச்சுழல்ல பாக்டீரியாவும் பொடிப் பாசியும் வாய்க்குள்ள இழுபடும். இன்னொரு தடவை பாருங்க, உடம்பு கண்ணாடி மாதிரி இருக்குறதால உள்ள தொண்டைக்கிட்ட ஒண்ணு டக் டக்னு துடிக்கிறது தெரியும். நிறைய பேர் அதை இதயம்னு நெனச்சுக்குவாங்க. அது தாடை, உள்ளுக்குள்ளயே வச்சு அரைக்குது. பிள்ளைங்க மிக்ஸின்னு சொன்னது ரொம்ப சரி!

பெருசு பார்த்தீங்கன்னா பெரும்பாலும் ஒரு மில்லி மீட்டர்ல பத்துல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் தான். அதுக்குள்ள வயிறு, மூளை, கண், முட்டை எல்லாம் இருக்கு. மொத்த உடம்பும் ஏறக்குறைய ஆயிரம் செல்லுதான், முட்டையை விட்டு வெளிய வந்த பிறகு அந்த எண்ணிக்கை கூடாது. உலகத்துல சுமார் 2000 வகை, இந்தியாவுல மட்டும் 400க்கு மேல பதிவாகி இருக்கு. நம்ம பக்கத்து கண்மாய் குளத்துல அதிகமா மாட்டுறது பிராக்கியோனஸ் குடும்பம், கண்ணாடிச் சொம்பு மாதிரி ஓடு, முன்னாடி முள்ளு, பின்னாடி முட்டையைத் தொங்க விட்டுக்கிட்டு நீந்தும்.

இப்ப உங்க முக்கியமான கேள்வி, எங்கிருந்து வந்துச்சு. மண்ணுல இருந்துதான் டீச்சர். நீங்க வைகாசியில மிதிச்சு நடந்தீங்களே, அந்த வெடிச்ச மண்ணுல. தண்ணி நல்லா இருக்கும்போது ரோட்டிபர்ல பொம்பளைங்க மட்டும்தான் இருக்கும். ஆண் இல்லாமலே முட்டை போடும், அதுல இருந்து மறுபடி பொம்பளைங்கதான் வரும். நம்ம ஊரு வெயிலுக்கு முட்டை ஒரு நாளுக்குள்ள பொரிஞ்சிடும், குஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல தானே முட்டை போட ஆரம்பிச்சிடும், ஆயுசே ஒண்ணு ரெண்டு வாரம்தான். அதனாலதான் ஒரு வாரத்துல கண்மாய் முழுக்க பரவிடுது. கூட்டம் நெருக்கமாகும்போது அதுங்க தண்ணியில விடுற ஒரு ரசாயனமே சைகை ஆயிடும். அப்ப சில பொம்பளைங்க வேற மாதிரி முட்டை போட ஆரம்பிக்கும், அதுல இருந்து ஆண் வரும். அந்த ஆண் பாவம், குட்டியூண்டு, வயிறே கிடையாது, சாப்பிடவும் முடியாது, இணை சேர்ந்துட்டு செத்துப் போயிடும். இணை சேர்ந்து வர்ற முட்டைதான் விசேஷம். தடிச்ச ஓடு போட்டுக்கிட்டு அடியில போய் சேத்துல உக்காந்துக்கும். கண்மாய் வத்தினாலும், வெயில் காஞ்சாலும், மாடு மிதிச்சாலும் அப்படியே கிடக்கும், தண்ணி வந்ததும் பொரியும். ஒரு வருஷம் மழை பொய்ச்சாலும் எல்லா முட்டையும் வீணாப் போகாது, ஏன்னா முதல் தண்ணிக்கே எல்லாம் பொரியுறது இல்ல, ஒரு பங்கு அடுத்த வருஷத்துக்குன்னு தூங்கிக்கிட்டே இருக்கும். வெதை நெல்லை எல்லாத்தையும் ஒரே நாள்ல விதைக்காம குதிருக்குள்ள கொஞ்சம் வைக்கிறோம்ல, அது மாதிரி.

இந்த தூங்குற முட்டை எவ்வளவு நாள் உயிரோட இருக்கும்னா, அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாநிலத்துல புல்ஹெட் பாண்டுன்னு ஒரு சின்ன குளம், அங்க அடிமண்ணுல இருந்து எடுத்த ஒரு வகை டயாப்டோமஸ் முட்டை 300 வருஷத்துக்கு மேல பழசு, அதுவே பொரிஞ்சிருக்கு. 1995ல அதைப் பத்தி எழுதினாங்க. டயாப்டோமஸ்ங்கிறது ரோட்டிபரோட அதே தண்ணியில வாழுற, இறால் சாதியைச் சேர்ந்த ஒரு பொடி உயிரு, உங்க கண்மாய்லயும் அதோட சொந்தக்காரங்க இருக்காங்க.

இன்னொரு வழி பறவை. உங்க மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துல வந்து இறங்குற நாரையும் வாத்தும் கால் சேறு, இறகு, வயிறு எல்லாத்துலயும் இந்த முட்டைங்களை ஒரு கண்மாய்ல இருந்து இன்னொரு கண்மாய்க்கு கொண்டு போகும், வயித்துக்குள்ள போய் வெளிய வந்தும் பொரியுற முட்டை இருக்கு. அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க பறவைங்க பயப்படும்னு தீபாவளிக்கு வெடி வெடிக்கிறது இல்லல்ல, அந்த ஜனங்களுக்குத் தெரியாமலே இந்தப் பொடிசுங்களுக்கும் சேர்த்துத்தான் நல்லது பண்றாங்க.

பிள்ளைங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். அடுத்த சித்திரையில வெடிச்ச மண்ணு ரெண்டு கைப்பிடி எடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மழைத்தண்ணியோ, குளோரின் இல்லாத கிணத்துத் தண்ணியோ ஊத்தி நிழல்ல, வெளிச்சம் படுற இடத்துல வைங்க. ரெண்டாம் நாள்ல இருந்து தினமும் ஒரு சொட்டு பாருங்க. எந்த நாள் எது வந்துச்சுன்னு படம் வரையச் சொல்லுங்க. முடிஞ்சா எனக்கும் அனுப்புங்க.

திருச்சியில இருந்து ஒரு கல்லூரி மாணவர்: ரோட்டிபர்ல ஆணே கிடையாதுன்னு எங்க சார் சொன்னாரு, புத்தகத்துல ஆண் இருக்குன்னு போட்டிருக்கு. எது சரி?

ரெண்டும் சரி தம்பி, ரெண்டும் வேற வேற கூட்டத்தைப் பத்தி. மேல டீச்சருக்குச் சொன்னது ஒரு கூட்டம். உங்க சார் சொன்னது டெல்லாய்டுன்னு இன்னொரு கூட்டம், அட்டை மாதிரி நீண்டு சுருங்கி நகரும், மொட்டை மாடி ஓரத்துப் பாசி, மரப்பட்டை, மழைநீர்க் குழாய்னு எங்கயும் இருக்கும். 400க்கு மேல வகை தெரியும், இத்தனை வருஷத்துல ஒரே ஒரு ஆண் கூட யாரும் பார்த்தது இல்ல. கோடிக்கணக்கான வருஷமா இப்படியே வந்திருக்கு.

இதுங்க முட்டையா மாறி தூங்குறது இல்ல, முழு ஆளே காஞ்சு சுருண்டு போயிடும். ஹாலந்துல டெல்ஃப்ட் ஊர்ல லேவன்ஹூக்னு ஒருத்தர், தானே லென்ஸ் தேச்சு பார்த்துக்கிட்டு இருந்தவர், தன் வீட்டுக் கூரை ஓடைக் காலுல கிடந்த காஞ்ச தூசியில தண்ணி ஊத்தி, கொஞ்ச நேரத்துல உள்ள உயிருங்க எழுந்து நீந்துறதைப் பார்த்து 1702ல ஒரு கடிதத்துல எழுதினாரு. 2021ல ரஷ்ய விஞ்ஞானிங்க சைபீரியாவுல உறைஞ்ச மண்ணுல இருந்து ஒரு டெல்லாய்டை எடுத்தாங்க, மண்ணோட வயசு சுமார் 24,000 வருஷம். உறைபனி விலகினதும் அது எழுந்து குட்டியும் போட்டுச்சு.

ஆண் இல்லாம இவ்வளவு காலம் எப்படி தாக்குப் பிடிச்சுதுன்னு அடுத்து கேப்பீங்க. ஆணும் பெண்ணும் சேர்றப்ப மரபணு கலையுறதால தான் நோய்க்கிருமிக்கு சுலபமா பிடிபடாம இருக்க முடியுதுன்னு ஒரு விளக்கம் உண்டு. இதுங்களுக்கு கலையுற வழி இல்ல, அப்ப பூஞ்சை வந்து கூட்டத்தையே அழிச்சிருக்கணும். கார்னெல் பல்கலைக்கழகத்துல வில்சன், ஷெர்மன்னு ரெண்டு பேர் 2010ல காட்டினது அழகான விஷயம். பூஞ்சை பிடிச்ச கூட்டத்தை நல்லா காயவிட்டா பூஞ்சை சாகுது, ரோட்டிபர் பிழைக்குது, அதுக்கப்புறம் காத்துல தூசியாப் பறந்து நோய் இல்லாத இடத்துல போய் இறங்கி ஊரு அமைச்சுக்குது. காஞ்சு போறதே அதுக்கு மருந்து. எனக்கு இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, மறுநாள் காலையில மாடிக்குப் போய் பாசியைச் சுரண்டிக்கிட்டு இருந்தேன்.

தஞ்சாவூர் பக்கம் மீன் பண்ணை வச்சிருக்கிற ஒரு வாசகர்: நாற்றங்கால் குளத்துல சாணி, கடலைப் புண்ணாக்கு எல்லாம் போட்டு இருபது நாள் கழிச்சு ரோகு கட்லா ஸ்பான் (பொரிஞ்சு சில நாளே ஆன குஞ்சு) விட்டேன். தண்ணி நல்ல பச்சை. ஆனா நாலே நாள்ல பாதிக்கு மேல செத்துப் போச்சு. தீனி இல்லாமலா?

அண்ணே, உங்க தண்ணியைப் பார்க்காம நூத்துக்கு நூறு சொல்ல முடியாது, ஆனா இருபது நாள்னு எழுதினதுமே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு.

உரம் போட்ட குளத்துல உயிருங்க ஒரு வரிசையில வரும். முதல்ல பாக்டீரியா, பொடிப் பாசி. மூணு நாலு நாள்ல அதைத் தின்ன ரோட்டிபர் பெருகும். அதுக்கு அடுத்து மொய்னா, டாப்னியா மாதிரி தெள்ளுப் பூச்சிங்க, ஒரு வாரம் பத்து நாள்ல அதுங்க உச்சத்துக்கு வரும், வந்து ரோட்டிபரோட தீனியைப் பிடுங்கிக்கும். அதுக்கும் பின்னாடி சைக்ளாப்ஸ் கூட்டம், அதுவும் இறால் சாதிப் பொடி உயிருதான். அதோட கூடவே தண்ணியில பறந்து வந்து விழுற வண்டு, தலைகீழா நீந்துற பூச்சி, தட்டான் புழு எல்லாம். ஸ்பானோட வாய்க்கு முதல்ல வேணும்கிறது ரோட்டிபரும், மொய்னா குட்டியும்தான். நீங்க இருபதாம் நாள் விட்டப்ப அந்தப் பந்தி முடிஞ்சு இலையை எடுத்தாச்சு. சைக்ளாப்ஸ் இருந்திருந்தா அது ஸ்பானுக்கு தீனி இல்ல, அதுவே ஸ்பானைக் கடிக்கும், தலைகீழ் பூச்சி இருந்தா ஒண்ணொண்ணா உறிஞ்சிட்டுப் போயிடும்.

இன்னொண்ணு, பச்சையா இருக்குறது மட்டும் போதாது. பச்சைன்னா பாசி. மேயுற உயிருங்க நல்லா வந்திருந்தா தண்ணி லேசா பழுப்பு கலந்து தெரியும். கண்ணை நம்பாதீங்க, தண்ணியில மிதக்குற இந்தப் பொடி உயிருங்களைப் பிடிக்கிற பிளாங்டன் வலை ஒண்ணு வாங்கிக்கோங்க. குளத்துல நாலஞ்சு இடத்துல இருந்து மொத்தம் 50 லிட்டர் தண்ணி மொண்டு வலையில ஊத்தி, அடியில சேர்றதை அளவுக்குழாயில படியவிட்டுப் பாருங்க. 1 முதல் 2 மில்லி வந்தா விடலாம், அதுலயும் ஒரு சொட்டை லென்ஸ்ல பாருங்க, துள்ளித் துள்ளிப் போறது மொய்னா, அம்பு மாதிரி விருட்டுனு பாயுறது சைக்ளாப்ஸ்.

உரத்துக்கு பொதுவா சொல்ற கணக்கு ஹெக்டேருக்கு கடலைப் புண்ணாக்கு 750 கிலோ, பச்சைச் சாணி 200 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ. இதை மொத்தமா ஒரே நாள்ல கொட்டாம, பாதியைக் கரைச்சு ஸ்பான் விடுறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி தெளிங்க, மீதியைப் பிரிச்சு தண்ணியோட நிலையைப் பார்த்து பார்த்து போடுங்க. விடுறதுக்கு முதல் நாள் சோப்பு எண்ணெய்க் கரைசல் தெளிச்சு பூச்சியைக் கொல்லுங்க, மேல வந்து மூச்சு விடுற பூச்சிங்க அதுல செத்துடும்.

ஒரு தகவல் கூடவே சொல்லிடுறேன், உங்களுக்குப் பிடிக்கும். கடல் மீன் குஞ்சுக்கு உலகம் முழுக்க இன்னைக்கு முதல் தீனி பிராக்கியோனஸ்ல உப்புத்தண்ணி வகைதான். ஜப்பான்ல விலாங்கு குளங்கள்ல அது ஒரு தொந்தரவா இருந்துச்சு, தண்ணி நிறத்தையே மாத்திடும். 1960ல இட்டோங்கிறவர் அதையே வளர்த்து மீன் குஞ்சுக்குப் போடலாம்னு காட்டினாரு. சென்னையில இருக்குற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997ல கொடுவா மீனை குஞ்சு பொரிக்க வச்சப்பவும் அந்தக் குஞ்சுங்க வாய்ல முதல்ல போனது இதுதான்.

கோவையில இருந்து ஏரி பாதுகாப்புக் குழு நண்பர் ஒருத்தர்: எங்க ஏரி வருஷம் முழுக்க பச்சை பெயிண்ட் கொட்டின மாதிரி கிடக்கு. டாப்னியா பாசியைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கும்னு படிச்சோம். வாங்கி விட்டா சரியாயிடுமா? கொசுவுக்காக கம்பூசியா மீனும் விட்டிருக்கோம்.

நண்பரே, கடைசி வரியில நீங்களே பதில் எழுதிட்டீங்க. டாப்னியா விட்டீங்கன்னா அந்த கம்பூசியாவுக்கு விருந்து வச்ச மாதிரிதான்.

இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். டாப்னியா பெருசு, ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு பல மில்லி தண்ணியை வடிகட்டித் தின்னும், கூட்டமா இருந்தா ஏரித் தண்ணி முழுக்க சில நாள்ல ஒரு தடவை அதுங்க வயிறு வழியா போயிட்டு வந்த கணக்கு. ரோட்டிபரும் தின்னும், ஆனா அது சின்னது, ரொம்பப் பொடி பாசியைத்தான் எடுக்க முடியும். அப்ப பெருசு இருந்தா ஏரி தெளியும், சின்னது மட்டும் இருந்தா பச்சையாகும். எது இருக்கும்னு முடிவு பண்றது மீன். மீன் கண்ணால பார்த்துப் பிடிக்குது, பெருசுதான் முதல்ல கண்ணுல படும். அமெரிக்காவுல கனெக்டிகட்ல கிரிஸ்டல் லேக்னு ஒரு ஏரி, அங்க 1942ல பெரிய டாப்னியாவும் டயாப்டோமஸும் இருந்துச்சு. அப்புறம் மிதக்குற பொடி உயிருங்களைத் தின்னுற ஒரு மத்தி சாதி மீன் உள்ள வந்துச்சு. 1964ல மறுபடி பார்த்தா பெருசு எல்லாம் காணோம், பொடிசுங்க மட்டும் மிச்சம். ப்ரூக்ஸ், டாட்சன்னு ரெண்டு பேர் 1965ல இதை எழுதினதுக்கு அப்புறம்தான் ஏரியைத் தின்னுற மீன் பக்கம் இருந்தும் பார்க்கணும், உரத்தை மட்டும் பார்த்தா பத்தாதுன்னு எல்லாருக்கும் உறைச்சுது. உங்க கம்பூசியாவுக்கே நேரா ஒரு சோதனை இருக்கு, 1972ல ஹர்ல்பெர்ட்டும் கூட இருந்தவங்களும் செயற்கைக் குளங்கள்ல கம்பூசியா விட்டுப் பார்த்தாங்க, மேயுற உயிருங்க குறைஞ்சு பாசி ஏறி தண்ணி கலங்கிடுச்சு. 1928ல இத்தாலியில இருந்து கொசுவுக்காகன்னு இந்தியாவுக்கு கொண்டு வந்த மீன் அது, கொசுப்புழுவை மட்டும் பொறுக்கித் தின்னுன்னு அதுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல.

கொசுவுக்கு இந்தப் பொடி உயிருங்கள்லயே ஆள் உண்டுங்கிறது நிறைய பேருக்குத் தெரியாது. மீசோசைக்ளாப்ஸ்னு ஒரு பெரிய சைக்ளாப்ஸ், பொரிஞ்ச கொசுப்புழுவைப் பிடிச்சுத் தின்னும். வடக்கு வியட்நாம்ல வீட்டுத் தண்ணித் தொட்டி, ஜாடி, கிணறுல எல்லாம் அதை விட்டு, பழைய பாத்திரம் டயரையும் ஊர்ஜனங்களே பொறுக்கி எடுத்து, டெங்கு கொசுவை ஒரு கிராமத்துல அடியோட ஒழிச்சாங்க, 1998ல அது வெளிவந்துச்சு.

ஆனா உங்களுக்கு பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வரல. குளிர் நாட்டு ஏரிங்கள்ல இந்தப் பொடி உயிருங்களைத் தின்னும் மீனைக் குறைச்சு டாப்னியாவைப் பெருக்கி தண்ணியைத் தெளிய வச்சிருக்காங்க, அது உண்மை. நம்ம சமவெளி ஏரி வேற. இங்க மீன் வருஷம் முழுக்க குஞ்சு போடும், சிலேபி ஒரு தடவை நுழைஞ்சா வெளியேத்தவே முடியாது, தண்ணி சூட்டுக்கு பெரிய டாப்னியா அதிகம் நிக்கிறதும் இல்ல, மொய்னா, டயாஃபனோசோமா, செரியோடாப்னியா மாதிரி சின்ன வகைங்கதான் வாழும். அதோட நீங்க சொல்ற பச்சை பெயிண்ட் பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ், நீலப்பச்சைப் பாசி, கட்டி கட்டியா மிதக்கும், அது தெள்ளுப் பூச்சியோட வடிகட்டியையே அடைக்கும், அதுல சிலது விஷமும் வச்சிருக்கும். அதனால முதல் வேலை சாக்கடைதான். எந்தக் குழாய் எங்க இருந்து வந்து விழுதுன்னு நடந்து பார்த்து வரைபடம் போடுங்க, அதை நிறுத்தாம எந்தப் பூச்சியை விட்டும் பிரயோஜனம் இல்ல. ரெண்டாவது, கம்பூசியா விடுறதை நிறுத்துங்க. மூணாவது, கரையோரத்துல வேலம்பாசி, அல்லி எல்லாம் இருந்தா "சுத்தம் பண்றோம்"னு வழிச்சு எடுக்காதீங்க. ஆழமான ஏரியில இந்த உயிருங்க பகல்ல அடிக்குப் போய் இருட்டுல ஒளிஞ்சுக்கும், ராத்திரி மேல வந்து மேயும். உங்க ஏரி ஆழமே ஒண்ணு ரெண்டு ஆள் உயரம்தான், ஒளிய இடம் அந்தச் செடிக்குள்ள மட்டும்தான் இருக்கு. நம்பலன்னா சாயங்காலம் ஏழரைக்கு மேல செடி ஓரத்துல ஒரு வலை இழுங்க, அதே இடத்துல மத்தியானம் ஒரு வலை இழுங்க. ரெண்டு பாட்டிலையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.

ஏரி எந்த நிலையில இருக்குன்னு ரோட்டிபரே சொல்லும். பிராக்கியோனஸ் வகை கூடி ட்ரைக்கோசெர்கா வகை குறைஞ்சா ஊட்டம் மிஞ்சிடுச்சுன்னு அர்த்தம், ஸ்லாடிசெக்னு செக் நாட்டு விஞ்ஞானி 1983ல அந்தக் கணக்கைச் சொன்னாரு. பக்கத்துல விலங்கியல் துறை உள்ள கல்லூரி இருந்தா பிள்ளைங்களைக் கூப்பிடுங்க, மாசம் ஒரு தடவை எண்ணட்டும்.

ராமநாதபுரத்துல இருந்து ஒரு இல்லத்தரசி: எங்க அப்பத்தா ஊருணித் தண்ணியை பழைய சேலைத் துணி மடிச்சுக் கட்டித்தான் குடத்துல ஊத்தும். இப்ப பிள்ளைங்க சிரிக்குதுங்க. அதுல ஏதாவது பலன் உண்டா?

சிரிக்கச் சொல்லாதீங்கம்மா. உங்க அப்பத்தா காப்பாத்தினது சின்ன விஷயம் இல்ல.

நரம்புச் சிலந்தின்னு ஒரு நோய், வயசானவங்களைக் கேட்டா சொல்லுவாங்க, காலுல கொப்புளம் வந்து வெடிச்சு அதுல இருந்து வெள்ளையா நூல் மாதிரி புழு வெளிய வரும், ஒரு மீட்டர் நீளம் வரைக்கும், குச்சியில சுத்திச் சுத்தி நாள் கணக்கா எடுப்பாங்க. அந்தப் புழுக்குஞ்சு சைக்ளாப்ஸ் வயித்துக்குள்ளதான் வளரும், அந்த சைக்ளாப்ஸைத் தண்ணியோட முழுங்கினா ஏறக்குறைய ஒரு வருஷம் கழிச்சு காலுல எட்டிப் பார்க்கும். ஃபெட்சென்கோன்னு ரஷ்யக்காரர் 1870ல இந்தத் தொடர்பைக் கண்டுபிடிச்சாரு. நோய் இருந்த மாநிலங்கள்ல தமிழ்நாடும் ஒண்ணு. மருந்தோ ஊசியோ வச்சு இது போகல. துணியில வடிகட்டினாங்க, படிக்கிணத்துல கால் வைக்காம பண்ணினாங்க, தண்ணிக்கு மருந்து தெளிச்சாங்க. இந்தியாவுல கடைசி நோயாளி 1996 ஜூலையில ராஜஸ்தான்ல, 2000 பிப்ரவரியில உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிஞ்சதுன்னு சான்று கொடுத்துச்சு. சைக்ளாப்ஸ் ஒரு மில்லி மீட்டர் இருக்கும், சேலைத் துணியில தாண்டவே தாண்டாது.

காலராவும் அப்படித்தான். அந்தக் கிருமி தண்ணியில சும்மா திரியுறதை விட இந்தப் பொடி உயிருங்க மேல ஒட்டிக்கிட்டு இருக்குறது அதிகம். வங்கதேசத்துல மத்லப் பகுதியில ரீட்டா கோல்வெல், அன்வர் ஹக் குழு 65 கிராமத்துப் பொண்ணுங்களோட வேலை செஞ்சு, பழைய காட்டன் சேலையை நாலு மடிப்பா மடிச்சு குடத்து வாயில கட்டி வடிகட்ட வச்சாங்க. காலரா 48 சதவீதம் குறைஞ்சுது, 2003ல வெளிவந்த ஆய்வு. புதுச் சேலை இல்ல, பழசுதான் நல்லது, துவைச்சுத் துவைச்சு நூல் பிரிஞ்சு ஓட்டை சின்னதாயிடும், நாலு மடிப்புல 20 மைக்ரான் வரைக்கும் வடிகட்டும். ஒண்ணு மட்டும், தனியா மிதக்குற கிருமி, வைரஸ், உப்பு எதையும் துணி நிறுத்தாது. அதனால வடிகட்டினதுக்கு அப்புறம் கொதிக்க வைங்க. துணியையும் நல்ல தண்ணியில அலசி வெயில்ல காயப் போடுங்க.

கொளத்தூர்ல இருந்து வண்ண மீன் வளர்க்கிற ஒரு தம்பி: மொய்னா கல்ச்சர் நல்லா வந்து திடீர்னு ஒரே நாள்ல காலியாயிடுது. ஃபைட்டர் குஞ்சுக்கு வேற என்ன போடலாம்?

ஈஸ்ட்டை அதிகமா போடுறீங்கன்னு நெனைக்கிறேன். தண்ணி மூடாக்கா தெரியுற அளவுக்குப் போட்டா ஆக்ஸிஜன் போயிடும். மொய்னா சிவப்பா மாறினா அழகா இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க, மூச்சுக்குத் தவிச்சு ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின்ங்கிற சிவப்புச் சாயத்தைக் கூட்டிக்குது. முதுகுல கறுப்பா சேணம் மாதிரி ஒண்ணு தெரிஞ்சா அது தூங்குற முட்டை, கூட்டம் நெருக்கடியில இருக்குன்னு அர்த்தம், அன்னைக்கே பாதியைப் பிரிச்சு வேற டப்பாவுக்கு மாத்திடுங்க. எப்பவும் ரெண்டு மூணு டப்பா ஓடட்டும். அந்த கறுப்பு முட்டைங்களை அடியில இருந்து உறிஞ்சி நிழல்ல காயவச்சு ஒரு பேப்பர்ல மடிச்சு வச்சிருந்தா எல்லாம் போனாலும் திரும்ப ஆரம்பிக்கலாம். பொரிஞ்ச ஃபைட்டர் குஞ்சுக்கு முதல் சில நாள் மொய்னா பெருசு, நன்னீர் ரோட்டிபரோ, இன்ஃபுசோரியாங்கிற ரொம்பப் பொடியான தண்ணி உயிருங்களோ கொடுத்துட்டு அப்புறம் மொய்னா குட்டிக்கு வாங்க.

புதுக்கோட்டையில இருந்து ஒரு இளைஞர் மன்றம்: எங்க ஊர்க் குளத்தை இந்தக் கோடையில ஜேசிபி வச்சு முழுசா தூர் வாரப் போறோம். உயிரினங்களுக்கு ஏதாவது கவனிக்கணுமா?

கேட்டீங்களே, அதுக்கே நன்றி. தூர் வாருறது நல்ல காரியம், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு குளத்துல கரையில இருந்து கரை வரைக்கும் ஒரே மட்டமா வழிச்சு, அடியில கெட்டிச் சுக்கான் தெரியுற வரைக்கும் எடுத்துட்டாங்க. மழை வந்துச்சு, நிறைஞ்சுது, போட்டோ எல்லாம் எடுத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு நான் வலை இழுத்தேன், வலை அடியில களிமண்ணைத் தவிர எதுவும் இல்ல, அந்த வருஷம் விட்ட மீன் குஞ்சும் தேறல. அன்னைக்கு கரையில உக்காந்து ரொம்ப நேரம் மனசு ஆறல எனக்கு, ஏன்னா பொரியக்கூடிய முட்டை பெரும்பாலும் மேல இருக்குற சில சென்டிமீட்டர் வண்டல்லதான் இருக்கும், லாரியில முதல்ல ஏறினதே அதுதான்.

முன்னாடி வண்டி மாடு கட்டி வண்டல் அள்ளினப்ப ஒரு கோடையில ஒரு மூலை, அடுத்த கோடையில இன்னொரு மூலைன்னு போகும், மிச்சம் இடத்துல வெதை இருக்கும். ஜேசிபி வச்சாலும் அதைச் செய்யலாம். குளத்துல மூணுல ஒரு பங்கு இடத்தை, முடிஞ்சா தண்ணி வரத்துக் கால் ஓரமும் பள்ளமான மூலையும் சேர்த்து, இந்த வருஷம் தொடாம விடுங்க. முழுசா எடுத்தே ஆகணும்னா, எடுக்குறதுக்கு முன்னாடி மேல் வண்டலை ஒரு விரல் கடை ஆழத்துக்கு மண்வெட்டியால சுரண்டி, பல இடத்துல இருந்து இருபது முப்பது சாக்கு நிரப்பி காத்தோட்டமா நிழல்ல அடுக்கி வைங்க. பிளாஸ்டிக் பையில கட்டாதீங்க, வேர்த்து முட்டை கெட்டுடும். வேலை முடிஞ்சு முதல் மழைத் தண்ணி முழங்கால் அளவு நின்னதும் கரையோரமா அந்த மண்ணைத் தூவி விடுங்க. பத்தாம் நாள் ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி மொண்டு வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, வெள்ளைப் புள்ளிங்க துள்ளிக்கிட்டு இருந்தா எனக்கு ஒரு கார்டு போடுங்க.